லேஸுக்குள் போன கை

“துணிமணியை எடுத்துவிட்டால் இந்தப் படத்தில் ஒன்றும் மிஞ்சாது.” மூன்று மாதங்களுக்கு முன்னால் நான் சொன்ன வாக்கியம் இது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை யாராவது ஒருவர் வீட்டில் கூடிப் பழைய படம் பார்ப்பது எங்கள் ஏழெட்டுப் பேரின் வழக்கம். அன்றைக்குப் போட்டது 1995-இல் வந்த ‘ரெஸ்டோரேஷன்’. பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்து, இரண்டாம் சார்லஸின் அரசவை. இளம் மருத்துவர் மெரிவெல்லாக ராபர்ட் டௌனி ஜூனியர், அரசராக சாம் நீல். படம் முடிந்து காபி வந்ததும் ஆளாளுக்குக் கருத்துச் சொன்னோம். முதல் ஒரு மணி நேரம் கண்ணை எடுக்க முடியவில்லை, அந்த மனநல விடுதி வந்ததும் படம் படுத்துவிட்டது என்றாள் ஒரு தோழி. மெக் ரயன் பேசிய ஐரிஷ் ஆங்கிலம் இன்னொருவருக்குப் பிடிக்கவில்லை. ஒருவர் இரண்டு வேறு படங்களை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் என்றார். எல்லாவற்றுக்கும் முத்தாய்ப்பாக நான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அன்றைய தீர்ப்பு அதுதான் என்று ஆகிப்போனது.

வீட்டுக்கு வரும் வழியிலேயே உறுத்தத் தொடங்கிவிட்டது. நான் வளர்ந்தது பெரியப்பாவின் தையல் கடையில். அப்பா போன பிறகு என்னையும் தம்பியையும் படிக்க வைத்தது அந்தக் கடையின் இரண்டு கால் மிஷின்களும் ஒரு கட்டிங் மேஜையும். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் மேஜைக்கு அடியில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம். மேலிருந்து வெட்டுத்துணி விழுந்துகொண்டே இருக்கும். ஒருவர் உள்ளே நுழையும்போதே அவர் போட்டிருக்கும் சட்டையை வைத்து என்ன வேலை, கையில் காசு எப்படி, யார் வீட்டு விசேஷத்துக்குப் போகிறார் என்று பெரியப்பா சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட இடத்திலிருந்து வந்த நான், துணியை ஒன்றுமில்லாத விஷயமாக எப்படிப் பேசினேன்? அதுவும் ஆடை வடிவமைப்புக்கும் கலை இயக்கத்துக்கும் இரண்டு ஆஸ்கர் வாங்கிய படத்தைப் பற்றி. விருது வாங்கியதால் நல்ல படம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தத் துணிகளை நான் பார்க்கவே இல்லையோ என்ற சந்தேகம்தான்.

சரி, இன்னொரு முறை பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன். இந்த முறை பெரியப்பாவோடு.

கை எங்கே?

பெரியப்பாவுக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு கடையைக் கொடுத்துவிட்டார். ஊசியில் நூல் கோக்க முடிவதில்லை, ஆனால் தூரப்பார்வை முன்பைவிடத் தெளிவு என்கிறார். ஆங்கிலம் அவருக்கு அவ்வளவாகப் பிடிபடாது. காட்சிக்குக் காட்சி நான் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தேன். ஏழை வைத்தியன் ஒருவன், கைராசிக்காரன். அரசனின் செல்ல நாய்க்கு உடம்பு சரியில்லாமல் போகிறது, இவன் பிழைக்க வைக்கிறான். அரசனுக்குப் பிடித்துப்போய்ப் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறான். அப்புறம் தன் ஆசைநாயகி சீலியாவை இவனுக்குப் பேருக்குக் கட்டிவைத்து, சஃபோக்கில் ஒரு மாளிகையும் தருகிறான். ஒரே ஒரு நிபந்தனை, அவள்மேல் ஆசைப்படக் கூடாது. மெரிவெல் ஆசைப்படுகிறான். மாளிகை போகிறது, எல்லாம் போகிறது.

அரசவை விருந்துக் காட்சிகள் ஓடிக்கொண்டிருந்தன. சாட்டின், பொய்முடி, ரிப்பன், மெழுகுவர்த்தி. எங்கள் குழுவில் எல்லோரும் வாய் பிளந்து பார்த்த இடம். பெரியப்பா முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார்.

“நிறுத்தும்மா. கை எங்க?”

“யார் கை பெரியப்பா?”

“அவன் கைதான். வைத்தியன்னு சொன்னியே. லேஸுக்குள்ள போயிடுச்சு பாரு. விரல் நுனிதான் தெரியுது. இதை வெச்சுக்கிட்டு எப்படி நாடி புடிப்பான்?”

நான் படத்தை நிறுத்திவிட்டு அந்தக் கையைப் பார்த்தேன். மணிக்கட்டிலிருந்து லேஸ் மடிப்பு மடிப்பாகச் சரிந்து உள்ளங்கையை மூடியிருந்தது. பெரியப்பா தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். சமையல்காரருக்கோ கொத்தனாருக்கோ முழுக்கைச் சட்டை தைத்தால் அவர் கையை அரை இஞ்ச் குறைத்துத்தான் வைப்பாராம். வேலையின்போது கஃப் நனையக் கூடாது, எதிலும் மாட்டக் கூடாது. கல்யாண மாப்பிள்ளைக்கு மட்டும் அரை இஞ்ச் கூட்டி வைப்பார். “மாப்பிள்ளைக்கு அன்னிக்கு ஒரு வேலையும் கெடையாது. எல்லாத்தையும் அடுத்தவங்க செய்வாங்க. கை நீட்டா இருந்தா அழகு.” அவருக்கு அது தொழில் பேச்சு. எனக்கு மூன்று மாதமாகக் கிடைக்காமலிருந்த சாவி கிடைத்த மாதிரி இருந்தது.

படத்தை முதலிலிருந்து மறுபடி ஓட்டினேன். தொடக்கத்தில் ஒரு காட்சி வருகிறது. மார்பில் காயம்பட்டு விலா எலும்பு இல்லாமல் போன ஒரு மனிதன், மூடியைக் கழற்றித் தன் துடிக்கும் இதயத்தைக் காட்டுகிறான். கூடியிருக்கும் மருத்துவர்கள் தயங்குகிறார்கள். மெரிவெல் கையை உள்ளே விட்டு அந்த இதயத்தைப் பிடிக்கிறான். வெறுங்கை. அந்தக் கையைத்தான் கொஞ்ச நேரத்தில் அரசன் லேஸுக்குள் போட்டு மூடிவிடுகிறான். அப்புறம் எல்லாவற்றையும் இழந்து, க்வேக்கர்கள் என்ற எளிமையான கிறிஸ்தவக் குழுவினர் நடத்தும் மனநல விடுதிக்கு மெரிவெல் வந்து சேர்கிறான். அங்கே அவன் நண்பன் பியர்ஸ் இருக்கிறான். சாயம் ஏறாத முரட்டுத் துணி, மடித்துவிட்ட கை. எங்கள் குழுவில் எல்லோரும் ‘இழுவை’ என்று சொன்ன இடம் இதுதான். அந்தக் கை வெளியே வருவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் அது. நாங்கள் சாட்டினைத் தேடிக்கொண்டிருந்ததால் கையைப் பார்க்கவில்லை.

இதயத்தைத் தொட்டவர்கள்

அந்த இதயக் காட்சி கற்பனையின் உச்சம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உண்மையில் அப்படி ஒரு மனிதர் இருந்தார். அயர்லாந்துப் பிரபு குடும்பத்தைச் சேர்ந்த ஹியூ மாண்ட்கோமரி. சிறுவயதில் கீழே விழுந்து விலா எலும்பு நொறுங்கி, சீழ் வைத்து, மார்பில் ஒரு துளை நிலைத்துவிட்டது. ரத்த ஓட்டத்தைக் கண்டுசொன்ன வில்லியம் ஹார்வி அவரைப் பரிசோதித்து, 1651-இல் வெளிவந்த தன் நூலில் எழுதியிருக்கிறார். துளைக்குள் விரல்களை விட்டு இதயத்தைத் தொட்டிருக்கிறார். அந்த இளைஞருக்குத் தொட்டதே தெரியவில்லை. ஹார்வி அத்தோடு நிற்காமல் அவரை அரசரிடம் அழைத்துப் போனார். அரசரும் தொட்டுப் பார்த்தார். ஆனால் அந்த அரசர் படத்தில் வரும் இரண்டாம் சார்லஸ் இல்லை. அவருடைய தந்தை முதலாம் சார்லஸ். 1649 ஜனவரி 30 அன்று ஒயிட்ஹால் அரண்மனையின் விருந்து மண்டபத்துக்கு வெளியே தலை வெட்டப்பட்டவர்.

அதே ஒயிட்ஹாலுக்கு 1660 மே 29 அன்று, தன் முப்பதாவது பிறந்தநாளில், மகன் திரும்பி வந்தார். ‘ரெஸ்டோரேஷன்’, அதாவது முடியாட்சி மீண்டது என்கிறார்கள் அல்லவா, அது இந்த நாள்தான். நடுவில் இருந்த குடியரசு, பழைய கிரீடங்களை உருக்கியும் விற்றும் தீர்த்திருந்தது. 1661-இல் முடிசூட்டுவதற்குப் புதிதாகக் கிரீடமும் செங்கோலும் செய்ய வேண்டியிருந்தது, 12,000 பவுண்டுக்கு மேல் செலவு. படத்தின் ஆடம்பரம் மிகை என்று எங்களில் ஒருவர் சொன்னார். மிகை இல்லை. தலை வெட்டப்பட்டவரின் மகன், பதினோரு ஆண்டு ஆளில்லாமல் கிடந்த சிம்மாசனத்தில் உட்கார்ந்து, நான்தான் அரசன் என்று ஊர் முழுக்க நம்ப வைத்தாக வேண்டும். அதற்கு அவர் கையில் இருந்த கருவிகளில் பட்டும் ஒன்று.

இன்னொரு கருவி, அவருடைய கையே. அரசர் தொட்டால் கண்டமாலை குணமாகும் என்பது அந்த ஊர் நம்பிக்கை. கழுத்தில் கட்டிகட்டியாக வீங்கி உடையும் அந்த நோய்க்காரர்கள் வரிசையில் வந்து மண்டியிடுவார்கள். அரசர் அவர்கள் கன்னத்தைத் தடவி, ரிப்பனில் கோத்த ஒரு தங்க நாணயத்தைக் கழுத்தில் போட்டுவிடுவார். தன் ஆட்சிக்காலத்தில் 90,000 பேருக்கு மேல் அவர் இப்படித் தொட்டார் என்று கணக்கு இருக்கிறது. இதைப் படித்துவிட்டு மறுபடி படத்தைப் பார்த்தால் அந்த நாய்க் காட்சி வேறு மாதிரி தெரிகிறது. தொட்டுக் குணமாக்குவது அரசனுக்கு உரியது. நிஜமாகவே தொட்டுக் குணமாக்கத் தெரிந்த ஒருவனை அரசன் கண்டெடுத்து, நோயாளிகளிடம் அனுப்பாமல் தன் நாயிடமே வைத்துக்கொள்கிறான்.

பேருக்குக் கட்டிவைக்கும் கல்யாணத்தையும் எங்கள் குழுவில் யாரும் நம்பவில்லை. இந்தக் குறிப்பிட்ட கல்யாணம் கற்பனைதான். ஆனால் ரோஜர் பாமர் என்று ஒருவர் உண்மையாகவே இருந்தார். அவர் மனைவி பார்பரா அரசரின் ஆசைநாயகி. 1661-இல் அரசர் பாமரை காஸில்மெய்ன் பிரபு ஆக்கினார். அந்தப் பட்டம் அடுத்த தலைமுறைக்குப் போவதென்றால் பார்பரா பெற்ற பிள்ளைகளுக்கு மட்டுமே போகும் என்றும் ஆணையில் எழுதினார். யாருக்காகக் கொடுக்கப்பட்டது என்பதை இதைவிட வெளிப்படையாக எழுத முடியாது. பிரபுவின் அங்கியைப் போட்டுக்கொண்டு வெளியே போகும்போதெல்லாம் அந்த மனிதருக்கு என்ன தோன்றியிருக்கும்? மெரிவெல் கல்யாண உடையில் நிற்கும்போது டௌனியின் முகத்தில் ஒரு கணம் வந்து போகிற கலக்கத்தைப் பார்த்தபோது எனக்கு பாமர்தான் நினைவுக்கு வந்தார்.

பொய்முடி வாங்கியவர்

இரண்டு படங்களை ஒட்டியிருக்கிறார்கள் என்ற கருத்துக்கு வருகிறேன். என்னை அதிகம் அலைக்கழித்தது இதுதான். ஒரு பக்கம் அரசவை, இன்னொரு பக்கம் விடுதியும் பிளேக்கும். இரண்டும் ஒட்டவில்லை என்பது உண்மையாகத்தான் தெரிகிறது. அந்தக் காலத்து மனிதர்களுக்கும் அவை ஒட்டாமல்தான் இருந்தனவா?

இதற்கு எனக்குப் பதில் கிடைத்தது சாமுவேல் பீப்ஸின் நாட்குறிப்பில். கடற்படை அலுவலகத்தில் உயர் பதவியில் இருந்தவர், 1660-இலிருந்து 1669 வரை அன்றாடம் எழுதியவர். அவருடைய அப்பா ஒரு தையல்காரர். அதனால்தானோ என்னவோ, யார் என்ன உடுத்தியிருந்தார்கள் என்று பீப்ஸ் எழுதாமல் விடுவதில்லை. அந்தக் காலத்துப் பாவாடை போன்ற அகல நிஜாரில், ஒருவர் இரண்டு காலையும் ஒரே பக்கத்துக் குழாயில் விட்டுக்கொண்டு நாள் முழுக்க அப்படியே நடந்தார் என்று 1661 ஏப்ரலில் எழுதியிருக்கிறார். பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது வெகுநேரம் சிரித்துவிட்டு, அப்படியானால் ஒவ்வொரு காலுக்கும் எத்தனை மீட்டர் துணி போயிருக்கும் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்.

1665 செப்டம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. லண்டனில் பிளேக் உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருக்கிறது. அந்த மாதத்தின் மோசமான ஒரு வாரத்தில் மட்டும் 7,000-க்கு மேற்பட்டவர்கள் பிளேக்கில் இறந்ததாக மரணப் பதிவேடு சொல்கிறது. அந்த ஆண்டு மொத்தம் 68,596. பதிவுக்கு வராதவர்களைச் சேர்த்தால் இன்னும் அதிகம். அரசவை ஜூலையிலேயே ஊரைவிட்டுக் கிளம்பியிருந்தது. அந்த ஞாயிறு காலை பீப்ஸ் தன் வண்ணப் பட்டு உடையைப் போட்டுக்கொள்கிறார். கூடவே, புதுப் பொய்முடி. வாங்கி வெகுநாள் ஆகிறது. வாங்கியபோது வெஸ்ட்மின்ஸ்டரில் பிளேக் இருந்ததால் தலையில் வைக்கத் தைரியமில்லாமல் எடுத்து வைத்திருந்தார். அதைச் சொல்லிவிட்டு அவர் யோசிக்கிறார். இந்த நோய் முடிந்த பிறகு பொய்முடி மோஸ்தர் என்ன ஆகும்? பிளேக்கில் செத்தவர்களின் தலையிலிருந்து வெட்டிய முடியாக இருக்குமோ என்ற பயத்தில் இனி யாரும் வாங்கவே மாட்டார்களே என்று எழுதுகிறார்.

இந்த இடத்தைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அரசவையும் பிளேக்கும் இரண்டு படங்கள் என்று நாங்கள் சொன்னோம். பீப்ஸின் அலமாரியில் அவை இரண்டும் ஒரே பொய்முடியாக உட்கார்ந்திருந்தன. யாருடைய தலைமுடி? ஏழைப் பெண் ஒருத்தி காசுக்கு விற்றதா, பிணத்திலிருந்து வெட்டியதா? தலையில் வைத்துக்கொள்கிறவருக்குத் தெரியாது. முதல் பாதியில் டௌனி அணிந்து வரும் அந்த அடர்த்தியான பொய்முடிகளை நான் அழகு என்று மட்டும் பார்த்தேன். இப்போது பார்த்தால் அவற்றுக்குள் இரண்டாம் பாதி முழுக்க இருக்கிறது.

துணியும் அப்படித்தான். அதே 1665-இல் டார்பிஷயரில் ஈம் என்ற சின்னக் கிராமத்துத் தையல்காரர் வீட்டுக்கு லண்டனிலிருந்து துணி மூட்டை ஒன்று வந்தது. ஈரமாக இருந்ததால் அங்கே வேலை பார்த்த ஜார்ஜ் விக்கர்ஸ் அதைப் பிரித்து அடுப்படியில் காயப் போட்டார் என்று சொல்கிறார்கள். துணியோடு பிளேக்கைப் பரப்பும் தெள்ளுப்பூச்சிகள் வந்திருந்தன. செப்டம்பர் 7-ஆம் தேதி விக்கர்ஸ் இறந்தார். அப்புறம் பக்கத்து வீடுகள். கடைசியில் நோய் வெளியூர்களுக்குப் பரவாமல் இருக்கக் கிராமமே தன்னைச் சுற்றி எல்லை போட்டுக்கொண்டு உள்ளே இருந்தது. இதையும் பெரியப்பாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “ஈரத்துணிய மடிச்சு வெக்கக் கூடாதுன்னு காயப் போட்டிருப்பான். நானா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன்” என்றார். அதற்குப் பிறகு அன்றைக்கு அவர் அதிகம் பேசவில்லை.

புறாவின் கால்

படம் முடிகிற இடத்துக்குப் பிறகு நடந்தது ஒன்று இருக்கிறது. படத்தில் பிளேக்கும் பெருந்தீயும் அடுத்தடுத்து வருகின்றன, உண்மையில் நடுவே ஒரு வருடம் இருந்தது. 1666 செப்டம்பர் 2 அதிகாலையில் புட்டிங் லேன் ரொட்டிக்கடையில் பிடித்த தீ, 13,000-க்கு மேற்பட்ட வீடுகளைத் தின்றுவிட்டது. சாம்பல் ஆறி ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. அக்டோபர் 7 அன்று அரசர் தன் ஆலோசனைச் சபையில் ஓர் அறிவிப்புச் செய்தார். இனி ஒரே விதமான உடைதான், அதை மாற்றவே போவதில்லை. வெஸ்ட் என்று ஒரு நீண்ட உள்ளங்கி. பிரபுக்களுக்குச் சிக்கனம் கற்றுக்கொடுக்கத்தான் இது என்று மறுநாள் பீப்ஸ் எழுதுகிறார்.

அக்டோபர் 15 அன்று அரசர் அதை முதல் முறையாக உடுத்தினார். உடம்போடு ஒட்டிய கருப்புத் துணி, அதில் வெட்டுவிட்டு உள்ளே வெள்ளைப் பட்டு தெரியும்படி செய்தது. மேலே ஒரு கோட்டு. காலில் சுருக்கிய கருப்பு ரிப்பன், புறாவின் கால் மாதிரி இருந்தது என்கிறார் பீப்ஸ். இரண்டே நாளில் அரசருக்கு அந்த வெள்ளை பிடிக்காமல் போனது. கருப்பும் வெள்ளையுமான மேக்பை பறவை மாதிரி இருக்கிறோம் என்று சொல்லிவிட்டு, வெள்ளை இல்லாமல் வெறும் வெல்வெட்டில் ஒன்று தைக்கச் சொன்னார். நவம்பர் தொடக்கத்தில் பீப்ஸ் வீட்டுக்கும் தையல்கடை ஆள் ஒரு வெஸ்ட்டைக் கொண்டுவந்து கொடுத்தான். கோட்டு, அதற்குள் வெஸ்ட், கீழே நிஜார் என்ற அந்த மூன்று உருப்படிக் கட்டு பல மாற்றங்களோடு இன்றைய மூன்று பீஸ் சூட் வரை வந்திருக்கிறது. பெரியப்பா தன் வாழ்நாளில் எத்தனையோ மாப்பிள்ளைகளுக்குத் தைத்துக் கொடுத்த அதே சூட்.

எரிந்த ஊரின் அரசன் முதலில் கை வைத்த விஷயங்களில் ஒன்று உடை. இதை வெறும் அலங்காரம் என்று சொல்ல எனக்கு இப்போது வாய் வரவில்லை. ஊர் தன்னை என்னவாகப் பார்க்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ரிப்பன்களோடும் லேஸோடும் சாம்பலுக்கு நடுவில் நடக்க முடியாது என்றும் தெரிந்திருந்தது. ஆடை வடிவமைப்பாளர் ஜேம்ஸ் ஏச்சிசன் படத்தின் தொடக்கத்தில் நிறமாகக் கொட்டிவிட்டுப் போகப்போக அதை வடித்துக்கொண்டே போவதைப் பார்க்கும்போது, அந்தப் பத்தாண்டின் உடைகளை ஆழ்ந்து படித்தவர் என்று எனக்குப் படுகிறது.

அவர்கள் சொன்னதில் சரியானது

எல்லாக் கருத்துகளையும் நான் மறுக்கவில்லை. மெக் ரயனின் காதரினை இந்தப் படம் சரியாக நடத்தவில்லை. விடுதியில் தூக்கம் தொலைத்த பெண்ணாக வருகிறாள், மெரிவெல்லின் பிள்ளையைச் சுமக்கிறாள், பிரசவத்தில் போய்விடுகிறாள். மெரிவெல் திருந்துவதற்காக வந்து செத்துப்போகிற பெண்ணாக அவளை ஆக்கியது எனக்கு இரண்டாம் முறையும் கசந்தது. உச்சரிப்பு ஒரு சின்னக் குறைதான்.

இன்னொன்று முடிவு. இறந்த நண்பன் பியர்ஸின் பெயரில் மெரிவெல் பிளேக் நோயாளிகளைப் பார்க்கிறான். முகத்தை மூடிக்கொண்டு அரண்மனைக்கே போய் சீலியாவைச் சோதித்து, வந்திருப்பது பிளேக் இல்லை, சாதாரணக் காய்ச்சல்தான், கூடவே அவள் கர்ப்பம் என்று கண்டுபிடிக்கிறான். அந்தக் காட்சி அருமை. அதே பெண், அதே அரண்மனை, ஆனால் இப்போது அவளைத் தொடுவது வைத்தியனின் கை. அதோடு முடித்திருக்கலாம். அதன் பிறகு தீ, ஆற்றில் மிதந்து பழைய மாளிகைக்கே போய்ச் சேர்வது, அரசன் பரிவாரத்தோடு வந்து குழந்தையையும் வீட்டையும் திருப்பிக் கொடுப்பது எல்லாம் அவசரம். அரசன் கொடுத்தால்தான் அவன் மீண்டதாக ஆகுமா?

நிஜத்தில் என்ன நடந்தது என்று பார்த்தால் இந்த முடிவு இன்னும் உறுத்துகிறது. பிளேக் வந்தபோது வசதியான மருத்துவர்கள் பலரும் தங்கள் பணக்கார நோயாளிகளோடு ஊரைவிட்டுப் போனார்கள். நத்தானியேல் ஹாட்ஜஸ் போகவில்லை. தினமும் காலையில் எழுந்ததும் ஜாதிக்காய் அளவுக்கு ஒரு லேகியம் சாப்பிடுவார். வீட்டிலேயே சில மணி நேரம் நோயாளிகளைப் பார்த்துவிட்டு, பிறகு வீடு வீடாகப் போவார். சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு கோப்பை சாக் ஒயின், ராத்திரி தூங்கப் போகும் முன் மறுபடி கொஞ்சம். இதையெல்லாம் அவரே எழுதி வைத்திருக்கிறார். அவருடைய பிளேக் நூல் 1672-இல் லத்தீனில் வந்தது. 1688-இல் அவர் இறந்தது லண்டன் லட்கேட் சிறையில், கடனைக் கட்ட முடியாமல் உள்ளே போனவராக. நகராட்சி ஒரு காலத்தில் அவருக்கு உதவித்தொகை கொடுத்தது உண்மை. எந்த அரசனும் மாளிகையோடு வந்து நிற்கவில்லை.

போன வாரம் அந்தத் தோழியிடம், இரண்டாம் பாதி படுத்துவிட்டது என்று சொன்னவளிடம், தொலைபேசியில் இதையெல்லாம் சொன்னேன். பொய்முடி விஷயத்தில் கொஞ்ச நேரம் அமைதியாகிவிட்டாள். ஆனாலும் விடுதிக் காட்சிகள் நீளம்தான் என்றாள். இருக்கலாம். என் வாக்கியத்தை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று குழுவில் சொல்லிவிடு என்றேன். நீயே சொல்லு, அடுத்த சனிக்கிழமை பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு வா என்றாள்.

பெரியப்பாவிடம் கேட்டேன். வருகிறாராம். கடைசிக் காட்சியில் அரசன் போட்டிருக்கும் கோட்டின் தோள்பட்டை எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று இன்னொரு முறை பார்க்க வேண்டுமாம்.